நடக்காத ஒன்றுக்குக் கணக்குக் காட்டச் சொன்னால்

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வசதிகள் எட்டாத ஒரு பகுதியில், பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் வந்து விளையாடவும் படிக்கவும் ஒரு மாலை மையம் நடத்துகிறீர்கள். அவர்கள் போதைப் பழக்கத்திலும் அடிதடியிலும் போய் விழாமல் தடுப்பது நோக்கம். போன ஆண்டு உள்ளாட்சி மன்றம் நிதி கொடுத்தது. இந்த ஆண்டு, "உங்களால் போதையும் குற்றமும் எவ்வளவு குறைந்தன என்று எண்ணிக்கையில் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறது. எப்படிக் காட்டுவது, காட்ட முடியாவிட்டால் பணம் வரும்வரை மையத்தை மூடிவைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நடக்காமல் போன ஒன்றை எப்படி எண்ணுவது என்பது ஒன்று. மற்றொன்றை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் அந்த ஆதங்கம் எழுத்தில் தெரிகிறது: வசதியான பகுதியில் பூங்கா அமைக்கும்போது யாரும் நிரூபணம் கேட்பதில்லையே, எங்களிடம் மட்டும் ஏன்? நான் பதினான்கு ஆண்டுகள் இப்படிப்பட்ட நிதிக்கு விண்ணப்பம் எழுதியவன். அதன்பின் ஆறு ஆண்டுகள், பிறர் எழுதிய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் மேசையில் உட்கார்ந்தவன். இரண்டு பக்கமும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, தடுப்புத் திட்டங்கள் பெரும்பாலும் பணம் குறைவாக இருப்பதால் சாவதில்லை, அந்தப் பணம் வருகிற விதத்தால் சாகின்றன என்பதே. நான் மருத்துவனும் அல்லன், தணிக்கையாளனும் அல்லன். உங்கள் மன்றத்தின் விதிமுறைகளை அங்கே இருப்பவர்தான் சொல்ல முடியும். மற்றவற்றை என்னால் இயன்றவரை சொல்கிறேன்.

தடுப்புப் பணிக்கு ஏன் ஆதரவாளர்கள் கிடைப்பதில்லை என்பதை பிரிட்டனின் நோய்ப்பரவியல் அறிஞர் ஜெஃப்ரி ரோஸ் 1981இல் தெளிவாக எழுதினார். அவர் அதற்குத் தடுப்பின் முரண் என்று பெயர் வைத்தார். சமூகம் முழுவதற்கும் பெரிய நன்மை தரும் ஒரு நடவடிக்கை, அதில் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மிகச் சிறிய நன்மையையே தரும். அவர் பேசியது இதய நோயைப் பற்றி; ஆனால் உங்கள் மையத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நூறு பிள்ளைகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் மையம் இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் இருந்திருப்பார்கள். சிலர் மையம் இருந்தும் வழி தவறுவார்கள். இடையில் நாலைந்து பேர் இருப்பார்கள், மையத்தால் தப்பியவர்கள். அவர்கள் யார் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர் மருத்துவரைத் தேடி வந்து கும்பிடுவார். நோயே வராதவர் யாரைத் தேடிப் போவார்? மன்றக் கூட்டத்தில் உங்களுக்காக எழுந்து பேச ஆள் இல்லாமல் போவதன் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. செலவு ஒருவர் பையிலிருந்து போகிறது, மிச்சம் இன்னொருவர் பையில் சேர்கிறது. ஒரு பிள்ளை போதைப் பழக்கத்துக்கு ஆளாகாமல் இருந்தால் மிச்சப்படுவது மருத்துவமனையின் செலவு, காவல்துறையின் நேரம், நீதிமன்றத்தின் நாள், சிறையின் இடம். பெரும்பாலான நாடுகளில் இவற்றில் பெரும்பகுதி உள்ளாட்சியின் பொறுப்பில் இல்லை, மேலே உள்ள அரசிடம் இருக்கிறது. ஆக, உள்ளாட்சி மன்றம் தன் சிறிய பட்ஜெட்டிலிருந்து கொடுத்து மேலிடத்துக்கு மிச்சப்படுத்தித் தருகிறது. மன்ற உறுப்பினரின் பதவிக்காலமோ நான்கைந்து ஆண்டுகள். பலன் தெரியப் பத்து ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உங்களை மறுத்தவர்கள் கெட்டவர்கள் என்று எண்ணத் தேவையில்லை. அவர்கள் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் தெருவிளக்குதான் முதலில் கண்ணில் படும். அது போட்ட அன்றே எரியும்.

ஓராண்டில் பலனைக் காட்டச் சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இங்கிலாந்தின் ஷ்யூர் ஸ்டார்ட் திட்டம். 1999இல் வறிய பகுதிகளில் தொடங்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு உடல்நலம், பெற்றோருக்கான ஆலோசனை, குழந்தைப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருவது அதன் யோசனை. உச்சத்தில் 3,000க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்கின. பல ஆண்டுகள் கழித்து, லண்டனில் உள்ள நிதியியல் ஆய்வு நிறுவனம் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, மையங்கள் அதிகம் இருந்த இடங்களையும் குறைவாக இருந்த இடங்களையும் ஒப்பிட்டது. ஒரு வயதுக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறையவில்லை. ஏறத்தாழ 10 சதவீதம் கூடியிருந்தது! யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. யாரும் எட்டிப் பார்க்காத குடும்பங்களுக்கு, "இதை மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். குழந்தைகள் ஒன்றுகூடியதில் சளியும் காய்ச்சலும் பரவியிருக்கும். ஆனால் அதே பிள்ளைகள் 11 முதல் 15 வயதை எட்டியபோது கணக்கு தலைகீழானது. திட்டம் உச்சத்தில் இருந்த அளவுக்கு, ஆண்டுக்கு 13,000க்கும் மேற்பட்ட மருத்துவமனைச் சேர்க்கைகள் தவிர்க்கப்பட்டதாக ஆய்வு மதிப்பிட்டது. பலன் மிகுதியாகக் கிடைத்தது வறிய பகுதிகளுக்கே.

இந்த முடிவு வெளிவந்த ஆண்டு 2021. அதற்கு வெகு முன்பே, 2010க்குப் பிறகு, திட்டத்தின் நிதி சுமார் மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டிருந்தது. நூற்றுக்கணக்கான மையங்கள் மூடப்பட்டிருந்தன. முதல் ஆண்டிலேயே யாராவது எண்ணிக்கை கேட்டிருந்தால், இந்தத் திட்டம் குழந்தைகளை நோயாளிகளாக்குகிறது என்றே எழுதி முடித்திருப்பார்கள். உங்கள் பகுதியிலும் இப்படி நடக்கலாம். மையம் தொடங்கிய பிறகு காவல் நிலையத்தில் புகார்கள் கூடலாம், ஏனென்றால் அதுவரை புகார் கொடுக்கத் துணியாதவர்கள் இப்போது கொடுக்கிறார்கள். பழக்கத்துக்கு ஆளானவர்கள் என்று சிகிச்சைக்கு வருவோரின் எண்ணிக்கை கூடலாம். மன்றத்தில் பேசும்போது இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் முந்திச் சொன்னால் அது விளக்கம். எண்கள் வந்த பிறகு சொன்னால் அது சாக்கு.

உங்களுடையதைப் போன்ற மாலை மையங்களுக்கு நேரடியாகப் பேசும் உதாரணம் ஐஸ்லாந்து. அங்கே 1998இல், 15-16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாக இறங்கியது. தினமும் புகைப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதமானார்கள். அவர்கள் செய்தவற்றில் உள்ளாட்சியின் பங்கு பெரிது. விளையாட்டு, இசை, கலை என்று பிள்ளைகளுக்கு மாலைப் பொழுதை நிரப்பினார்கள். தலைநகர் ரேக்யவிக், சந்தா கட்ட முடியாத குடும்பங்களும் சேரும்படி ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கியது. பிள்ளைகள் இரவில் வெளியே இருப்பதற்கு நேர வரம்பு இருந்தது; பெற்றோர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ரோந்து போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிகளில் மீண்டும் மீண்டும் கருத்துக்கணிப்பு எடுத்து, முடிவை அந்தந்த ஊருக்குச் சில மாதங்களுக்குள் திருப்பிக் கொடுத்தார்கள். நிதி கொடுத்த மன்றம் தன் ஊரின் எண்ணைத் தானே பார்த்தது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நின்றது இதுதான்.

ஆனால் இந்த உதாரணத்தை அப்படியே மேசையில் வைத்துவிடாதீர்கள். ஐஸ்லாந்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்தைத் தொடாத காலத்தில் நடந்தது இது. அது வசதியான நாடு. திட்டம் இல்லாத இன்னோர் ஐஸ்லாந்து ஒப்பிட்டுப் பார்க்கக் கிடையாது. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் பதின்பருவத்தினர் குடிப்பது குறைந்தது, அந்த நாடுகளில் குறைந்த அளவு ஐஸ்லாந்தைவிடச் சிறியது. எனவே இந்த வீழ்ச்சியில் எவ்வளவு திட்டத்தால், எவ்வளவு காலமாற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மதிப்பிடும் குழுவில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்பார். நான் கேட்டிருக்கிறேன்.

எது பலிக்கும் என்பதைவிட எது பலிக்காது என்பதில் நமக்கு உறுதி அதிகம். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டேர் திட்டத்தில் சீருடைக் காவலர் வகுப்பறைக்கு வந்து போதையின் தீமைகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். நாடு முழுவதும் பரவியது. பெற்றோருக்கும் பள்ளிக்கும் காவல்துறைக்கும் பிடித்திருந்தது. ஆய்வுக்கு மேல் ஆய்வு செய்தும், அந்த வகுப்புகளில் உட்கார்ந்த பிள்ளைகள் போதைப் பொருளைத் தொடுவது குறிப்பிடும்படி குறையவில்லை என்றே தெரிந்தது. பிற்காலத்தில் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னொன்று, நியூஜெர்சியில் ஒரு சிறையில் 1970களில் தொடங்கிய பயமுறுத்தல் முறை. வழி தவறும் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிப் போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டுவார்கள். பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒன்றுமே செய்யாமல் விட்ட பிள்ளைகளைவிட மிரட்டப்பட்ட பிள்ளைகள் அதிகமாகக் குற்றம் செய்தது தெரிந்தது. காசு கொடுத்துக் கேட்டை வாங்கியிருக்கிறார்கள்.

நல்ல எண்ணமும் காப்பாற்றாது என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வு இருக்கிறது. 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பல ஆண்டுகள் ஆலோசகர் உதவி, படிப்பு உதவி, கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். மறுபாதிக்கு ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். பதிவேடுகளைப் பார்த்தால் குடி, மனநோய், குற்றம் எனப் பல அளவுகோல்களில் உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. ஏன் என்று இன்றுவரை முடிவாகத் தெரியவில்லை. கோடை முகாமில் வழி தவறிய பிள்ளைகளை ஒன்றுசேர்த்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னால் வந்த அலசல்கள் சொல்கின்றன. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் எழுதிய நன்றிக் கடிதங்களையும் பெற்றோரின் பாராட்டையும் கோப்பில் சேர்த்து அனுப்பினால், விவரம் தெரிந்தவர் அதைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவார். கூடவே, மன்றம் "மையம் வேண்டாம், அதற்குப் பதில் ஒரு விழிப்புணர்வுப் பேரணி நடத்துங்கள், பணம் தருகிறோம்" என்று சொன்னால் வாங்காதீர்கள். பேரணியில் பதாகையும் படமும் கிடைக்கும். வேறொன்றும் கிடைக்காது.

இனி அந்த இரண்டாவது கேள்வி: எங்களிடம் மட்டும் ஏன் நிரூபணம் கேட்கிறார்கள்? வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் ஒரு விதியை முன்வைத்தார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கே குறைவாகவும், எங்கே குறைவாகத் தேவையோ அங்கே அதிகமாகவும் கிடைக்கிறது. மருத்துவத்துக்கு அவர் சொன்னது நிதிக்கும் பொருந்துவதை அந்த மதிப்பெண் மேசையில் ஆறு ஆண்டுகள் பார்த்தேன். போட்டி முறையில் நிதி கொடுத்தால் வெல்வது தேவை அதிகமுள்ள பகுதி அல்ல, விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் உள்ள பகுதி. ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியரும் ஒரு கணக்காளரும் குடியிருக்கும் தெரு, நாற்பது பக்க விண்ணப்பத்தை ஒரு வாரத்தில் தயாரித்துவிடும். உங்கள் பகுதியைப் போன்ற இடங்களிலிருந்து வந்ததோ கையெழுத்தில் நான்கு பக்கம். நாங்கள் நேர்மையாகத்தான் மதிப்பெண் போட்டோம். நேர்மையாகப் போட்டதால்தான் பணம் தவறான இடத்துக்குப் போனது.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. தேவையைக் காட்டப் பதிவேடு வேண்டும். புறக்கணிக்கப்பட்ட பகுதியில் பதிவேடுதான் இருக்காது. காவல் நிலையத்தை நம்பாத இடத்தில் புகார் குறைவு, ஆகவே காகிதத்தில் அது அமைதியான பகுதி. இந்த முடிச்சை அவிழ்த்த ஒரு வழியை வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் கண்டார்கள். முக அறுவைச் சிகிச்சை நிபுணரான ஜோனதன் ஷெப்பர்ட், தாக்கப்பட்டு அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் பெரும்பகுதியினரைப் பற்றிக் காவல்துறைக்கு எதுவுமே தெரியாது என்பதைக் கவனித்தார். வரவேற்பு மேசையில் இருந்தவர்கள் எங்கே அடி விழுந்தது, எந்த நேரம், எந்த ஆயுதம் என்று மட்டும் கேட்டுப் பதிந்தார்கள். பெயரை நீக்கிவிட்டு அந்தத் தகவலை மாதாமாதம் உள்ளாட்சிக்கும் காவல்துறைக்கும் கொடுத்தார்கள். அதை வைத்து ரோந்தின் வழியும் நேரமும் மாற்றப்பட்டன. 2011இல் வெளியான ஆய்வு கார்டிஃபை 14 ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் கார்டிஃபில் தெளிவாகக் குறைந்திருந்தனர். பெரிய பணம் செலவழிக்காமல் செய்த வேலை. உங்கள் பகுதிக்கு அருகில் உள்ள மருத்துவமனையோ தையல் போடும் சிறு கிளினிக்கோ இப்படி ஒரு பட்டியலைத் தர ஒப்புக்கொண்டால், தேவையைக் காட்டும் வேலையில் பாதி முடிந்துவிடும். பிள்ளைகளின் பெயர் எங்கும் வரக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

போட்டியை ஒழித்தே நிதியைப் பங்கிட்ட ஊர்களும் உண்டு. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரம் 1989இல் மக்கள் பங்கேற்பு பட்ஜெட் முறையைத் தொடங்கியபோது, எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை ஒரு சூத்திரம் தீர்மானித்தது. மக்கள்தொகைக்கு ஒரு புள்ளி, அந்தப் பகுதியில் எந்த வசதி எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு புள்ளி, அங்குள்ளவர்கள் எதை முதலில் கேட்டார்கள் என்பதற்கு ஒரு புள்ளி. இல்லாமையே அங்கே தகுதியாயிற்று. உங்கள் மன்றம் உடனே இதற்கு மாறிவிடாது. ஆனால் "விண்ணப்பத்தின் தரத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று வைத்திருக்கிறீர்களே, பகுதியின் தேவைக்கு எத்தனை?" என்று ஒரு முறையாவது எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பதிவுசெய்ய வேண்டியிருப்பதாலேயே சில மேசைகளில் அசைவு உண்டாகும்.

நான் விண்ணப்பம் எழுதிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது ஓர் உள்ளாட்சி அமைப்பு எங்களுக்குக் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் செலவழித்துக் கணக்கு ஒப்படைக்க வேண்டும், ஊழியர் சம்பளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பன நிபந்தனைகள். நாங்கள் கணினிகள் வாங்கினோம், நாற்காலிகள் வாங்கினோம், சுவருக்கு வண்ணம் அடித்தோம். திறப்பு விழாவும் நடந்தது. பிள்ளைகளோடு தினமும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர் வேறு வேலைக்குப் போனார். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் வருவது நின்றது. ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது கணினிகள் உறை போட்டு மூடியபடியே இருந்தன. தணிக்கையில் எங்கள் மீது ஒரு குறையும் இல்லை. அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஐந்து ஆண்டுகளுக்குச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் மையம் உயிரோடு இருந்திருக்கும். திருப்பிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு.

ஆகவே தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது வருகிற விதத்தைப் பற்றிப் பேசுங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு உறுதி வேண்டும், தொகை சிறிதானாலும் சரி. அதில் பெரும்பங்கு ஆள் சம்பளத்துக்குப் போக அனுமதி வேண்டும். தடுப்புப் பணியில் கருவியே மனிதர்தான். முதல் தவணை முன்பணமாக வர வேண்டும். முதலில் நீங்கள் செலவழியுங்கள், ரசீது கொடுத்தால் பிறகு தருகிறோம் என்ற முறை, கையில் சேமிப்பு உள்ள அமைப்புகளுக்கு மட்டுமே ஒத்துவரும்; ஏழைப் பகுதியின் சங்கம் யாரிடம் கடன் வாங்கும்? இன்னொன்றும் முக்கியம். தனி மானியமாக வாங்குவதைவிட, ஆண்டு பட்ஜெட்டில் ஒரு கணக்குத் தலைப்பாக, மிகச் சிறிய தொகையுடனாவது இடம்பெறுவது நல்லது. மானியம் முடிந்தால் அதைப் புதுப்பிக்க ஒருவர் முன்வந்து வேலை செய்ய வேண்டும். பட்ஜெட் தலைப்பை நீக்கவும் ஒருவர் முன்வந்து வேலை செய்ய வேண்டும். மன்றத்தின் சோம்பல் முதலாவதில் உங்களுக்கு எதிரி, இரண்டாவதில் உங்களுக்குக் காவல்.

சரி, எண்ணிக்கை கேட்கிறார்களே, எதைக் கொடுப்பது? குற்றம் இத்தனை சதவீதம் குறையும் என்று எழுதித் தராதீர்கள். நூறு பிள்ளைகள் வரும் ஒரு மையத்தில் ஓராண்டில் கூடுவதும் குறைவதும் தற்செயலாகவே இருக்கும்; யாராலும் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. இடைப்பட்ட அளவுகளைக் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை பிள்ளைகள் மூன்று நாளாவது வருகிறார்கள், சேர்ந்தவர்களில் ஆறு மாதம் கழித்தும் வருபவர்கள் எத்தனை பேர், பள்ளிக்கு வராத நாட்கள் கூடினவா குறைந்தனவா, ஒரு சிக்கல் வந்தால் போய்ச் சொல்ல நம்பிக்கையான பெரியவர் ஒருவர் உண்டு என்று எத்தனை பேர் சொல்கிறார்கள். இவற்றில் கடைசி இரண்டுக்கும் பிற்காலப் போதைப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். அமெரிக்காவில் ஹாக்கின்ஸ், காட்டலானோ என்ற இரு ஆய்வாளர்கள் உருவாக்கிய 'அக்கறையுள்ள சமூகங்கள்' என்ற முறை இதன்மேல்தான் நிற்கிறது. ஊர் மக்களே குழு அமைத்து, பிள்ளைகளிடம் கருத்துக்கணிப்பு எடுத்து, எந்த ஆபத்து அங்கே அதிகமோ அதற்குச் சோதித்துப் பார்த்த திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 7 மாநிலங்களில் 24 சிறு ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 2003 முதல் சோதித்தார்கள். முறையைப் பின்பற்றிய 12 ஊர்களில், குடியையும் குற்றத்தையும் புதிதாகத் தொடங்கிய பிள்ளைகள் குறைவாக இருந்தனர். ஐஸ்லாந்துக்கு இல்லாத ஒப்பீடு இதற்கு இருக்கிறது. குறை என்னவென்றால், அவை சிறிய ஊர்கள். நெரிசலான நகரப் பகுதியில் இதே அளவு பலிக்கும் என்று அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக்கு வழி இருந்தால் விடாதீர்கள். இடம் போதாமல் காத்திருப்போர் பட்டியல் வைத்திருக்கிறீர்களா? யாரை முதலில் சேர்ப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், சேர்ந்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிடலாம். சிபாரிசு கேட்டு வருபவர்களிடமிருந்தும் உங்களுக்கு விடுதலை.

ஒரு பங்கு செலவழித்தால் ஏழு பங்கு திரும்பும், பத்துப் பங்கு திரும்பும் என்ற வாசகங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. இவற்றில் சில உண்மையான ஆய்விலிருந்து வந்தவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில சட்டமன்றம் 1983இல் ஏற்படுத்திய பொதுக்கொள்கை நிறுவனம், ஒவ்வொரு தடுப்புத் திட்டத்துக்கும் வரவையும் செலவையும் கணக்கிட்டு வெளியிடுகிறது. நஷ்டம் என்று தெரிந்தால் அதையும் மறைக்காமல் போடுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் உள்ள லாபம் சமூகம் முழுவதற்கும் பல ஆண்டுகளில் சேர்வது. பிற்காலச் சம்பளம், பாதிக்கப்படாமல் தப்பியவரின் வேதனை எல்லாம் பணமாக மதிப்பிடப்பட்டிருக்கும். உங்கள் மன்றத்தின் கருவூலத்துக்கு அதில் வந்து சேர்வது சொற்பம். "உங்களுக்கே பணம் மிச்சமாகும்" என்று சொல்லி வாங்கினால், மூன்றாம் ஆண்டில் மிச்சத்தைக் காட்டச் சொல்வார்கள். பூங்காவைப் போல, நூலகத்தைப் போல, இந்தப் பிள்ளைகளுக்கும் மாலையில் போக ஓர் இடம் வேண்டும் என்று கேளுங்கள். தடுப்பு என்ற சொல்லைக்கூட நான் சில விண்ணப்பங்களிலிருந்து எடுத்துவிடச் சொன்னதுண்டு. பிள்ளைகளை வருங்காலக் குற்றவாளிகள் என்று காட்டி வாங்கும் பணம், அந்தப் பட்டத்தையும் கூடவே கொண்டுவருகிறது.

மையத்தை மூடிவைக்கலாமா என்று கேட்டீர்கள். முழுவதுமாக மூடாதீர்கள். ஒரு முறை கலைந்த பிள்ளைகளை மீண்டும் கூட்டுவது முதல் முறை கூட்டியதைவிடக் கடினம். இரண்டாம் முறை வருபவர்கள் பெரும்பாலும் கவலைக்குரிய பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். கவலைக்குரியவர்கள் அதற்குள் வேறு இடம் தேடிக்கொண்டு போயிருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் நடத்தினால் இரண்டு நாளாகக் குறையுங்கள். எந்த இரண்டு நாள் என்பதை மாற்றாதீர்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள். விளையாட்டுப் பொருள், சிற்றுண்டி, விழா எல்லாவற்றையும் நிறுத்தலாம். பிள்ளைகள் பெயர் சொல்லித் தேடும் அந்த ஒருவர் யாரோ, அவரை மட்டும் எப்படியாவது தக்கவைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டை நிதி இல்லாத மாதங்களிலும் எழுதிவாருங்கள். பட்ஜெட் தயாரிப்பு தொடங்கும் மாதம் எது என்று மன்ற அலுவலகத்தில் விசாரித்து, அதற்கு மூன்று மாதம் முன்பாக உங்கள் பகுதி உறுப்பினரை ஒரு நாள் மாலையில் மையத்துக்கு அழையுங்கள். மேடையோ பூமாலையோ வேண்டாம். ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரட்டும். போகும்போது அந்தப் பதிவேட்டின் நகலைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.